படகு எஞ்சினின் தண்ணீர்ப் பாதையில் கறள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு 15, முகத்துவாரம். களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் படகு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் என் வேலை. “எஞ்சின் சூடாகுது, வந்து பாருங்கள்” என்றுதான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். போய்த் திறந்து பார்த்தால் எஞ்சின் நன்றாகவே இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் போய்வரும் வழியில் கைக்குள் அடங்கும் ஒரு நிப்பிளோ (ஹோஸ் மாட்டும் குட்டைக் குழாய்) எல்போவோ (வளைந்த குழாய்) உளுத்துப் போயிருக்கும். இறங்குதுறையில் நின்று ஒவ்வொருவருக்கும் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கறள் இரும்புக்குத்தானே பிடிக்கும்? என் போட்டின் தண்ணீர்ப் பாதையில் இரும்பே இல்லையே?

இரும்புக்குப் பிடித்தால் சிவப்பாகத் தெரியும், அதனால் எல்லோரும் அதையே கறள் என்கிறோம். கடல் தண்ணீர் எல்லா உலோகத்தையும் தின்னும், நிறம்தான் வேறு. செம்பு, வெண்கலப் பாகத்தில் பச்சை அல்லது நீலப் பூச்சு வரும். அலுமினியத்தில் வெள்ளை மா மாதிரி பொங்கி நிற்கும். பெயின்ட் கொப்பளித்திருந்தால் அதற்கடியில் அதுதான். பித்தளையில் வருவது இவை எல்லாவற்றையும் விட மோசம், ஏனென்றால் வெளியே அனேகமாக ஒன்றும் தெரியாது. மஞ்சளாக இருந்த துண்டு மெல்ல இளஞ்சிவப்பாகும், அவ்வளவுதான். அளவு மாறாது, புரி கூட அப்படியே இருக்கும். ஒரு நாள் ஸ்பானரை வைத்துத் திருப்பும்போது பிஸ்கட் மாதிரி முறியும்.

புதிதாகப் போட்ட பாகம் ஏன் இவ்வளவு கெதியாகப் போகிறது? பக்கத்துப் போட்டில் அதே பாகம் வருடக்கணக்கில் நிற்கிறதே?

பாகம் ஒன்றாக இருக்கலாம், அதற்குப் பக்கத்தில் பூட்டியிருப்பது ஒன்றா என்று பாருங்கள். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் இருந்தால் அது ஒரு பெற்றரி. இரண்டில் தாழ்ந்த உலோகம் கரையும், உயர்ந்தது பிழைக்கும். தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை வரிசை ஏறக்குறைய இப்படி: நாகம் (சிங்க்), அலுமினியம், இரும்பு, பித்தளை, வெண்கலம், ஸ்டெயின்லெஸ். வரிசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அவ்வளவு வேகமாக அரிக்கும். கடல் நீரில் நாகத்துக்கும் வெண்கலத்துக்கும் இடையில் ஏறக்குறைய 0.7 வோல்ட் வித்தியாசம் இருக்கிறது. சாதாரண மல்ட்டிமீட்டரிலேயே இதைப் பார்க்கலாம்: ஒரு வாளி கடல் தண்ணீர், ஒரு நாகத் துண்டு, ஒரு வெண்கலத் துண்டு போதும்.

அளவும் முக்கியம். பெரிய வெண்கல உடம்பில் சின்ன இரும்பு போல்ட் போட்டால் முழு அரிப்பும் அந்தப் போல்ட்டின் தலையில்தான் விழும், சில மாதத்தில் கழுத்து மெலிந்து போகும். மாறாக இரும்புத் தட்டில் வெண்கலப் போல்ட் போட்டால் அரிப்பு தட்டு முழுக்கப் பரவும், அதனால் அவ்வளவு சேதம் தெரியாது. சின்னத் துண்டு எப்போதும் வரிசையில் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று நினைவு வைத்தால் போதும்.

இதைக் கண்டுபிடித்து இருநூறு வருடம் ஆகிறது. மரக் கப்பல்களின் அடியில் அடித்த செப்புத் தகடு கரைவதைத் தடுக்க, 1824இல் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானி அதில் சின்னச் சின்ன நாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் பொருத்திக் காட்டினார். செம்பு கரைவது நின்றது. ஆனால் பாசியையும் கொட்டலசையும் விரட்டியது அந்தக் கரையும் செம்புதான் என்று பிறகுதான் தெரிந்தது. கப்பலடியில் எல்லாம் முளைத்துவிட, அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள். ஆனால் இன்று உங்கள் எஞ்சினில் மற்றவைக்குப் பதிலாகக் கரைய வைத்திருக்கும் அனோட் அதே யோசனைதான்.

கடையில் பித்தளையா வெண்கலமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில் நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு ஹாட்வெயார் கடையில் “வெண்கலம்தான், போட்டுக்கென்றே வந்தது” என்று சொல்லித் தந்த ஹோஸ் நிப்பிளை நம்பி ஒருவரின் போட்டில் பூட்டினேன். வருடம் முடியவில்லை, ஹோஸ் மாற்றப் போன இடத்தில் அது கையோடு வந்தது. முறிந்த வாய் முழுக்க இளஞ்சிவப்பு. நல்ல வேளை, போட் அப்போது கரையில் இருந்தது. கடலில் என்றால் அந்தத் துளையால் தண்ணீர் உள்ளே வந்திருக்கும்.

வீட்டுக் குழாய்க்கு வரும் பித்தளையில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 செம்பு, மீதி பெரும்பாலும் நாகம். சூடான, அசையாத உப்புத் தண்ணீர் அந்த நாகத்தை மட்டும் தனியே கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது ஓட்டை ஓட்டையான செம்புப் பஞ்சு. நம்முடைய கடல் வருடம் முழுக்க 27 பாகைக்குக் கீழே அனேகமாக இறங்குவதில்லை. எஞ்சினுக்குள் போனால் இன்னும் சூடாகும். அதனால் குளிர் நாடுகளில் சில வருடம் தாங்கும் பித்தளை இங்கே தாங்காது.

கன் மெட்டல் என்று கேட்டு வாங்குங்கள். அது நூற்றுக்கு 85 செம்பு, மீதியில் வெள்ளீயம், ஈயம், நாகம் ஐந்தைந்தாக. கடலுக்கு அதுதான் பழகிய உலோகம். சிலிக்கன் வெண்கலமும் நல்லது. நாகம் கரையாமல் இருக்க ஆர்சனிக் சிறிதளவு சேர்த்த பித்தளை ஒன்றும் வருகிறது, டி.ஸட்.ஆர் என்று அதன் மேல் குத்தியிருக்கும், அதுவும் சரி. ஒன்றில் மட்டும் கவனம்: மாங்கனீசு வெண்கலம் என்று பெயர் வைத்திருப்பது உண்மையில் நாகம் கூடிய பித்தளைதான். பெயரில் வெண்கலம் இருக்கிறது என்று நீர்மட்டத்துக்குக் கீழே போட வேண்டாம்.

கடையில் பார்க்க ஒரு வழி: தெரியாத ஒரு மூலையில் அரத்தால் இரண்டு இழு. உள்ளே எலுமிச்சை மஞ்சள் என்றால் பித்தளை. சிவப்பும் மண்நிறமும் கலந்திருந்தால் கன் மெட்டல். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பழைய சோனகத் தெருவில் ஒரு கடைக்குப் பத்துக் கடை இருக்கிறது, அரம் வைக்க விடுகிறவரிடம் வாங்குங்கள்.

ஏற்கெனவே போட்டில் இருக்கும் பாகத்துக்கு: கத்தி முனையால் பச்சையைச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் மின்னினால் உயிர் இருக்கிறது. இளஞ்சிவப்பு என்றால் அன்றே மாற்றுங்கள். சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினாலும் தெரியும். நல்ல துண்டு மணி மாதிரி ஒலிக்கும், போனது மரக்கட்டை மாதிரி ‘டொக்’ என்னும்.

எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கிவிட்டால் தொல்லை முடிந்ததா?

இல்லை. ஸ்டெயின்லெஸ் கறள் பிடிக்காமல் இருப்பது அதன் மேல் காற்றிலுள்ள ஒட்சிசன் கட்டும் மெல்லிய தோலால். ஓடும் தண்ணீரிலும் ஒட்சிசன் இருக்கிறது, அதனால் தோல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் ஹோஸுக்கு அடியில், வொஷருக்கு அடியில், புரியின் இடுக்கில் தண்ணீர் மாறாமல் நின்றால் அந்த ஒட்சிசன் தீர்ந்துவிடும். தோல் உடைந்த இடத்தில் ஊசி குத்தினாற்போல் குழி விழும். வெளியே ஒரு சின்ன மண்நிறப் பொட்டு, உள்ளே எலி வளை.

வாங்குவதென்றால் 316 வாங்குங்கள். அதில் நூற்றுக்கு இரண்டு மூன்று மொலிப்டினம் இருக்கிறது, 304இல் இல்லை. சமையலறைப் பாத்திரத்துக்கு 304 போதும், கடலுக்குப் போதாது. இன்னொன்று: ஸ்டெயின்லெஸ் வரிசையில் உச்சியில் இருக்கிறது. அதை அலுமினிய எஞ்சின் உடம்பில் நேரடியாகப் பூட்டினால் ஸ்டெயின்லெஸ் பளபளவென்று இருக்கும், அலுமினியம் கரையும்.

ஜி.ஐ. பைப்? பி.வி.சி.?

ஜி.ஐ. வேண்டாம், அதன் மேல் இருக்கும் நாகப் பூச்சு கரைந்ததும் அது வெறும் இரும்பு. வீட்டுக்குப் போடும் பி.வி.சி. அரிக்காது என்பது உண்மை, ஆனால் சூட்டில் இளகும், எஞ்சினின் அதிர்வில் வெடிக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே அதை நம்பக் கூடாது. படகுக்கென்றே கண்ணாடி நார் கலந்த நைலோனில் செய்த வால்வுகள் வருகின்றன. கிடைத்தால் வாங்குங்கள், அவற்றுக்கு இந்தப் பக்கத்தில் உள்ள எந்தக் கவலையும் இல்லை.

அனோட் என்பது என்ன, எப்போது மாற்ற வேண்டும்?

மற்றவைக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைக்கும் உலோகத் துண்டு. இங்கே “சிங்க்” என்பார்கள். படகுக்குள் பூட்டும் உள் எஞ்சினில் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலும் (எஞ்சினின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) ஒயில் கூலரிலும் பென்சில் மாதிரி ஒரு குச்சி, ஒரு பித்தளை மூடியில் முறுக்கியபடி இருக்கும். படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போட்டில் காலின் கீழேயும் பிராக்கெட்டிலும் கட்டியாக இருக்கும். பல மாடல்களில் சிலிண்டருக்குப் பக்கத்தில் உள்ளேயும் சின்னதாக ஒன்றிரண்டு உண்டு, அவை இருப்பதே பலருக்குத் தெரியாது.

பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும், முழுக்கக் கரையும் வரை காத்திருக்கக் கூடாது. புதுப் போட்டென்றால் முதலில் மாதம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பென்சில் அனோட்டை அதிக நாள் விட்டால் நுனி முறிந்து உள்ளே விழும். அந்தத் துண்டு தண்ணீர்க் குழாய்களை அடைக்கும், அப்புறம் எஞ்சின் சூடாகும், நீங்கள் என்னைக் கூப்பிடுவீர்கள்.

ஆறு மாதமாகியும் அனோட் புதிது மாதிரி இருக்கிறது என்று சிலர் சந்தோசப்படுகிறார்கள். அது நல்ல செய்தி இல்லை. ஒன்றில் அது உலோகத்தைச் சரியாகத் தொடவில்லை, இல்லாவிட்டால் தண்ணீருக்குப் பொருந்தாத அனோட். அனோட்டின் மேல் பெயின்ட் அடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருந்தது. பென்சில் அனோட்டின் புரிக்குத் திரெட் டேப்பும் சுற்ற வேண்டாம், உலோகத்தை உலோகம் தொட்டால்தான் அது வேலை செய்யும்.

பழைய சிங்கைச் சேர்த்து இரும்புச் சட்டியில் உருக்கி வார்த்து மறுபடி போடும் பழக்கம் இருக்கிறது. சிக்கனம்தான், ஆனால் நாகத்தில் மிகக் கொஞ்சம் இரும்பு கலந்தாலே அதன் மேல் தோல் கட்டிவிடும், பிறகு கரையாது. கரையாத அனோட் வெறும் எடை.

நாகம், அலுமினியம், மக்னீசியம் என்று மூன்று அனோட் விற்கிறார்கள். முகத்துவாரத்துக்கு எது?

முழுக்கக் கடல் என்றால் நாகம். முழுக்க நன்னீர் என்றால் மக்னீசியம். நமக்குச் சிக்கல் என்னவென்றால் இரண்டும் கலந்த இடத்தில் இருக்கிறோம். மழைக்காலத்தில் களனி கங்கை பெருகி வரும்போது கடல் தேநீர் நிறமாகிவிடும்; அந்த நேரத்தில் ஆற்று வாயில் கட்டியிருக்கும் படகு உப்புத் தண்ணீரில் இல்லை. உப்புக் குறைந்த தண்ணீரில் நாகத்தின் மேல் வெள்ளைத் தோல் படிந்து அது தூங்கிவிடும், பிறகு கடலுக்குப் போனாலும் விழிக்காது. அதனால் ஆற்று வாய்ப் பக்கம் நிறுத்துகிறவர்களுக்கும், பாணந்துறையில் கடலோடு சேரும் பொல்கொட ஏரியில் படகு வைத்திருக்கிறவர்களுக்கும் நான் சொல்வது அலுமினிய அனோட். அது இரண்டு தண்ணீரிலும் வேலை செய்யும். சமையல் பாத்திர அலுமினியம் இல்லை; இந்தியம் என்ற உலோகம் சிறிதளவு கலந்து அனோட்டுக்கென்றே வார்த்தது.

மக்னீசியத்தைக் கடலில் போட்டால் பொங்கிக் கரைந்துவிடும். ஒரே எஞ்சினில் நாகத்தையும் அலுமினியத்தையும் கலந்து பூட்டவும் வேண்டாம்.

அவுட்போட்டை ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டுமா?

முடிந்தால் ஆம். அவுட்போட்டுக்கு உள் எஞ்சின் மாதிரி தனி நன்னீர்ச் சுற்று கிடையாது. கடல் தண்ணீரே நேராகச் சிலிண்டரைச் சுற்றிப் போகிறது. நிறுத்தியதும் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் சூட்டில் ஆவியாகி உப்பை விட்டுச் செல்லும். கடல் நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு, நினைத்துப் பாருங்கள்.

காதுக்கவசம் மாதிரி இருக்கும் றப்பர் மூடியை எஞ்சின் காலின் தண்ணீர் வாய்களில் மாட்டி, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, அதன் பிறகு ஸ்டார்ட் செய்து மெதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் வரை ஓட வேண்டும், அதற்கு முன் நிறுத்தினால் சிலிண்டர் தலைக்கு நல்ல தண்ணீர் போய்ச் சேராது. அதே நேரத்தில் விசிறிக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

யமஹா நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் தோட்டக் குழாயை நேரே பூட்டுவதற்கு ஒரு வாய் இருக்கிறது. அந்த வழியால் கழுவும்போது எஞ்சினை ஓடவிடக் கூடாது, தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் றப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் காய்ந்து கருகிவிடும். மற்றக் கம்பனிகளின் எஞ்சின்களுக்கு அவற்றின் கைந்நூலைப் பாருங்கள், எல்லாம் ஒரே மாதிரி இல்லை.

குழாய்த் தண்ணீர் இல்லாத இறங்குதுறையில் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சின் காலை அதற்குள் இறக்கி ஓட விடுங்கள். ஒவ்வொரு நாளும் இல்லாவிட்டாலும், சில நாள் கடலுக்குப் போக மாட்டோம் என்று தெரிந்த அன்றாவது கட்டாயம் செய்யுங்கள்.

ஓடாமல் கிடக்கும் படகுக்கு என்ன? அதற்குத் தேய்மானம் இல்லையே?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றே சொல்லலாம். தினமும் கடலுக்குப் போகும் படகின் குழாய்களை விட, மாதக்கணக்கில் கட்டிக்கிடக்கும் படகின் குழாய்களே அதிகம் அழுகியிருப்பதைப் பார்க்கிறேன். மேற்குக் கரையில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, கடல் கொந்தளிப்பு. சின்னப் படகுகள் பல அந்த நாட்களில் கரையேறிவிடும். “இனி மூன்று மாதம் ஓய்வு” என்று எஞ்சினை நிறுத்திய இடத்திலேயே விட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே நிற்கும் கடல் தண்ணீர் ஓய்வெடுக்காது.

நின்ற தண்ணீரில் ஒட்சிசன் தீரும். சேறும் செத்துப்போன சின்ன உயிர்களும் அடியில் படியும். காற்று இல்லாத அந்தப் படிவுக்குள் வாழும் பக்டீரியாக்கள் கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும். வடிகட்டியைத் திறக்கும்போது வரும் கூமுட்டை நாற்றம் அதுதான். செம்பு கலந்த எந்த உலோகத்துக்கும் அது நஞ்சு. ஸ்டெயின்லெஸுக்கு ஒட்சிசன் இல்லாத குறை, பித்தளைக்கு நாகம் கரையும் குறை, செம்புக் குழாய்க்குக் கந்தகம்: ஒரே தண்ணீர் மூன்று பேரையும் மூன்று விதமாகக் கொல்கிறது.

நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டியது: நல்ல தண்ணீரில் நன்றாக ஓட்டிக் கழுவுங்கள். வடிகட்டியைக் கழற்றிச் சேற்றைக் கொட்டுங்கள். வடிகால் மூடிகள் எல்லாவற்றையும் திறந்து தண்ணீரை முழுக்க வடியவிடுங்கள். மூடியைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் காலியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் உப்பும் சேறும் வாயை அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். இம்பெல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே பக்கம் மடங்கி நின்று அப்படியே இறுகிவிடும். அவுட்போட்டை நிமிர்த்தியபடி வையுங்கள், சாய்த்து வைத்தால் மூலையில் தண்ணீர் தேங்கும். படகு தண்ணீரிலேயே கிடந்தால், இம்பெல்லரைக் கழற்றாமல் கிழமைக்கு ஒருமுறையாவது எஞ்சினைச் சூடேறும் வரை ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது ஓட்டாததை விட மோசம்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் கடல் தண்ணீர் போகும் குழாய்கள் ஓட்டையாகின்றன. ஏன்?

அந்தக் குழாய்கள் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்தவை. நல்ல உலோகம், ஆனால் அதுவும் தன் மேல் ஒரு தோலைக் கட்டித்தான் பிழைக்கிறது. சுத்தமான கடல் தண்ணீரில் அந்தத் தோல் முற்றச் சில வாரங்கள் வேண்டும். புது எக்ஸ்சேஞ்சரைப் பூட்டியதும் துறைமுகத்தின் கறுப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு இரண்டு வாரம் கட்டிக்கிடந்தால் தோல் பழுதாகவே கட்டும், பிறகு எத்தனை வருடமானாலும் அந்த இடம் பலவீனம்தான். புதிதைப் பூட்டிய நாட்களில் படகு வெளிக்கடலுக்குப் போய்வரும்படி வேலையை ஒழுங்குசெய்யுங்கள்.

இன்னொரு காரணம் வேகம். சிப்பித் துண்டோ பொலித்தீனோ குழாயின் வாயில் பாதி மறித்தால், மீதி வழியால் தண்ணீர் சீறிக்கொண்டு போகும். சுழலும் தண்ணீர் தோலை உரித்துவிடும், குதிரைக் குளம்பு மாதிரி குழி விழும். வடிகட்டி இருப்பது இதற்காகத்தான். வலை கிழிந்த வடிகட்டியைக் கம்பியால் கட்டி ஓட்டாதீர்கள்.

உப்புப் படிவை எடுக்க அசிட் ஊற்றலாமா?

டொய்லட் கழுவும் அசிட் வேண்டவே வேண்டாம். அது ஐதரோகுளோரிக் அமிலம், அலுமினியத்தைக் கண்முன்னே கொதிக்க வைத்துத் தின்றுவிடும். வினாகிரி, அல்லது நீரில் கரைத்த சித்திரிக் அமிலம் போதும். அனோட்டைக் கழற்றிவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் முதலில் கரைவது அதுதான். நுரை நின்றதும் நிறைய நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். சூடான எஞ்சினில் செய்ய வேண்டாம்.

இங்கே பனி உறைவதில்லை. உள் எஞ்சினின் நன்னீர்ச் சுற்றுக்குக் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) எதற்கு, கிணற்றுத் தண்ணீர் போதாதா?

கூலண்ட்டில் நமக்கு வேண்டியது உறையாமல் இருப்பதற்கான கிளைக்கோல் இல்லை, அதோடு சேர்ந்து வரும் அரிப்புத் தடுப்பு மருந்து. வெறும் தண்ணீர் ஓடும் டீசல் எஞ்சினில் சிலிண்டர் லைனரின் (சிலிண்டரின் உள்சுவர்க் குழல்) வெளிப்பக்கம் அதிர்வில் நுண்ணிய குமிழிகள் தோன்றி வெடித்து, ஊசிக் குத்து மாதிரி ஓட்டை போடும். ஓட்டை மறுபக்கம் வந்தால் ஒயிலில் தண்ணீர். கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும், அது வெறும் தண்ணீரிலும் மோசம்.

பெற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில், எஞ்சின் கம்பனி சொன்ன வகைக் கூலண்ட்டைச் சொன்ன அளவில் கலக்குங்கள். பச்சையையும் சிவப்பையும் ஒன்றாக ஊற்ற வேண்டாம். நிறம் தானாக ஒன்றும் சொல்லாது என்றாலும், பொருந்தாத இரண்டு வகை சேர்ந்தால் கூழாகிக் குழாயை அடைக்கும். பழைய வகையென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிறம் நன்றாக இருந்தாலும் மருந்து தீர்ந்திருக்கும்.

ஸ்டெயின்லெஸ் கிளிப் என்று வாங்கியும் கறள் பிடித்து அறுந்தது.

பட்டி ஸ்டெயின்லெஸ், திருகு இரும்பு. காந்தத்தைக் கொண்டுபோய்த் திருகில் வையுங்கள். பாய்ந்து ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு ஹோஸ் முனைக்கும் இரண்டு கிளிப், ஆனால் நிப்பிள் இரண்டுக்கும் இடம் தரும் நீளம் இருந்தால் மட்டும். நிப்பிளின் நுனிக்கு வெளியே இறுக்கிய இரண்டாவது கிளிப் ஹோஸை வெட்டும்.

தண்ணீர்ப் பாதையில் முதலில் போகும் பாகம் எது?

உள் எஞ்சினில், எக்ஸோஸ்ட் எல்போ. சூடான புகையும் கடல் தண்ணீரும் சந்திக்கும் இடம் அதுதான். சூடு, உப்பு, டீசல் புகையிலுள்ள கந்தகம் மூன்றும் ஒன்றாக. உள்பக்கம் சுவர் கரைந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. நிறுத்திய பிறகு தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும், மறுநாள் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் இறுகி நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். கழற்றுவது கஷ்டம்தான், எஞ்சினை மாற்றுவது இன்னும் கஷ்டம்.

ஒரே வாரத்தில் ஒரு நிப்பிள் கரைந்து போனது. இது எப்படிச் சாத்தியம்?

வாரத்தில் போனால் அது உலோகச் சண்டை இல்லை, மின்கசிவு. உலோகங்களுக்கு இடையிலான அரிப்பு மாதக்கணக்கில் வேலை செய்யும். பெற்றரியின் மின்சாரம் நாட்கணக்கில். அடித்தளத்தில் தேங்கிய தண்ணீரில் ஒரு வயர் தோலுரிந்து கிடந்தால், 12 வோல்ட் தண்ணீர் வழியே போய் எந்த உலோகத்தால் கடலுக்கு வெளியேறுகிறதோ அந்த உலோகம் கரையும். கணக்கு மிக எளிது: ஒரு அம்பியர் கசிந்தால் 24 மணி நேரத்தில் 28 கிராம் செம்பு போகும். ஒரு நிப்பிளின் எடையை நீங்களே பாருங்கள்.

பெரும்பாலும் குற்றவாளி, அடித்தளத் தண்ணீரை இறைக்கும் பம்பின் வயர் இணைப்பு. இன்சுலேசன் டேப் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார்கள். கண்டுபிடிக்க, எல்லாச் சுவிட்ச்சையும் அணைத்துவிட்டு, பெற்றரியின் பொசிட்டிவ் கேபிளைக் கழற்றி, அந்த இடைவெளியில் மல்ட்டிமீட்டரை அம்பியரில் வையுங்கள். கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. இணைப்புகளை எல்லாம் தண்ணீர் தொடாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். படகை விட்டுப் போகும்போது மெயின் சுவிட்ச்சை அணையுங்கள்.

போல்ட்டுகள் இறுகிக் கழற்ற முடியாமல் போகின்றன.

அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும்போது இடையில் வெள்ளைப் பொடி கட்டும், அது போல்ட்டை நெருக்கும். பூட்டும் முன்பே புரியில் கடலுக்கான டெஃப்லோன் கிரீஸ் பூசுங்கள். செம்புத் தூள் கலந்த கிரீஸை அலுமினியத்தில் பூச வேண்டாம், வரிசையை நினைத்துப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். அதே காரணத்துக்காக, அவுட்போட்டின் காலுக்குச் செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயின்ட்டும் அடிக்கக் கூடாது.

நாட்கணக்கில் கடலில் நிற்கிறோம். என்ன உதிரிப்பாகம் கொண்டுபோக வேண்டும்?

இம்பெல்லர் இரண்டு, அதன் மூடிக்குரிய காஸ்கெட்டோடு. பென்சில் அனோட் நான்கு. ஒவ்வொரு அளவிலும் 316 கிளிப் சில. போட்டில் எத்தனை அளவு ஹோஸ் இருக்கிறதோ அத்தனையிலும் ஒரு முழம். கூலண்ட் ஐந்து லீற்றர். ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் அதன் வாய்க்குப் பொருந்தும் மென்மரக் கூர்முளை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்; வால்வு முறிந்தால் இரவில் தேட நேரமிருக்காது. அப்புறம் ஒரு டோர்ச், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு மல்ட்டிமீட்டர்.